பெத்னல் கிரீன் படிக்கட்டு

அன்புள்ள கண்ணம்மா,

லண்டனில் பெத்னல் கிரீன் பக்கம் உனக்கு அறை கிடைத்துவிட்டதாக உன் அப்பா சொன்னான். கல்லூரி இருக்கும் மைல் எண்டுக்கு சென்ட்ரல் லைனில் அடுத்த ஸ்டேஷன். ஆக, மூன்று வருஷமும் உனக்கு அந்தச் சுரங்க நிலையத்தில்தான் ஏற்றமும் இறக்கமும். சிவில் படிக்கப் போகிறவள் அதன் படிக்கட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேட்டையை நீயே நடந்து பார்த்துக்கொள்வாய். பிரான்சிலிருந்து அடைக்கலம் தேடி வந்த பட்டு நெசவாளர்கள், அப்புறம் யூதர்கள், இப்போது வங்காளதேசக் குடும்பங்கள் என்று, எந்தக் காலத்திலும் உழைத்துப் பிழைக்க வந்தவர்களின் இடம் அது. பெத்னல் கிரீன் ரோட்டுச் சந்தையில் உனக்கு வெண்டைக்காய்க்கும் பச்சை மிளகாய்க்கும் பஞ்சமிருக்காது.

நிலையத்துக்கு வருகிறேன். 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது சுரங்கம் தோண்டியாகிவிட்டது, ரயில்தான் ஓடவில்லை. மறு வருஷம் ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழியத் தொடங்கியதும் மக்கள் அதற்குள் அடைக்கலம் புகுந்தார்கள். உள்ளே 5,000 படுக்கைகள், மருத்துவ அறை, நாடக மேடை எல்லாம் வந்தன. மேலே ஊர் நூலகத்தில் குண்டு விழுந்ததும் ரயில் ஓட வேண்டிய பாதையின் மேலேயே பலகை அடித்து ஒரு நூலகம் நடத்தினார்கள். குழந்தைகள் கதைப் புத்தகத்தோடு படுக்கப் போனார்கள். எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

1943 மார்ச் 3, இரவு 8.17-க்கு அபாயச் சங்கு ஊதியது. இரண்டு நாள் முன்புதான் பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினைத் தாக்கியிருந்தன. பதிலடி வருமென்று எல்லோருக்கும் பயம். ஆனாலும் ஜனங்கள் வரிசையாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 8.27-க்கு அருகிலிருந்த விக்டோரியா பூங்காவில் புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகளைச் சுட்டார்கள். அதுவரை யாரும் கேட்டறியாத சத்தம். குண்டுதான் விழுகிறது என்று மேலே நின்றவர்கள் முண்டியடித்தார்கள். கீழ்ப்படிகளுக்கு அருகே ஒரு பெண் இடறி விழுந்தார். அவர்மேல் அடுத்தவர், அவர்மேல் இன்னொருவர். சில நொடிகளில் சுமார் 300 பேர் அந்தப் படிக்கட்டுக்குள் இறுகிப்போனார்கள். 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அந்தப் பேட்டையில் ஒரு குண்டுகூட விழவில்லை.

இனி பொறியாளராகப் பார். மொத்தம் 19 படிகள், அகலம் சுமார் 10 அடி. நடுவில் கைப்பிடி இல்லை. படி விளிம்பில் வெள்ளைப் பூச்சு இல்லை. வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று மங்கலாக்கிய ஒரே ஒரு 25 வாட் பல்பு. மழை பெய்து படியெல்லாம் ஈரம். வாசலில் போலீஸ்காரர் எவருமில்லை. இந்த நுழைவாயிலைப் பலப்படுத்த அனுமதி கேட்டு 1941-லேயே நகராட்சி மேலிடத்துக்கு எழுதியிருந்தது, மறுத்துவிட்டார்கள். விபத்துக்குப் பிறகு நடுக் கைப்பிடியும் வெள்ளை விளிம்பும் வந்தன. முன்பே செய்திருந்தால் எத்தனை சொற்பச் செலவு!

லாரன்ஸ் டன் என்ற நீதிபதி விசாரித்தார். யூதர்கள் பீதியடைந்ததுதான் காரணம் என்று கிளம்பிய வதந்தியை அவர் அடியோடு தள்ளினார். ஆனால் கூட்டம் நிதானம் இழந்ததையே முதல் காரணமாக எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. குண்டுக்குப் பயந்து வருகிறவர்களுக்கான வழியை, நிதானமாக நடப்பவர்களுக்கு மட்டும் போதும்படி விட்டுவைத்ததுதான் குற்றம். அறிக்கையையும் போர் முடியும் தறுவாய்வரை வெளியிடவில்லை. மறுத்த கடிதங்களைப் பற்றி வாய்திறக்க முடியாமல், வழக்கு வந்தபோது நகராட்சியே பழியைச் சுமந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களோ பல காலம் இதை வெளியே பேசாமலே வாழ்ந்தார்கள்.

ரயில் 1946 டிசம்பரில்தான் ஓடத் தொடங்கியது. நினைவுச் சின்னம் முழுமை பெற்றது 2017-இல், அதுவும் தப்பியவர்களும் உறவினர்களும் நிதி திரட்டிய பிறகு. பூங்கா ஓரத்து வாசலருகே தலைகீழாகத் தொங்கும் தேக்குப் படிக்கட்டு அதுதான். அதில் பொறித்திருக்கும் இறந்தவர்களின் பெயர்களை ஒருமுறை முழுதாக வாசி. ஒரே குடும்பப்பெயர் அடுத்தடுத்து வருவதைக் கவனிப்பாய்.

பிறகு ஒரு ஞாயிறு காலை, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, அந்த வாசலின் படி அகலம், உயரம், கைப்பிடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, விளக்குகள் எத்தனை என்று அளந்து நோட்டில் படம் போடு. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. என் பழைய டேப்பை உன் பெட்டியில் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா