ஐப்பசிக்கு முன் வடிகால்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தாருக்குப் புரட்டாசி மாத ஆலோசனை

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகளெல்லாம் சமுத்திரத்தைச் சேருமிடம் நம்முடைய பிரதேசமாகையால், குடகிலும் மைசூர்ச் சீமையிலும் பெய்த மழையின் மிச்சம்கூட நம் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதையும், நம் தலைக்குமேல் மேகமே இல்லாத நாளிலும் நமக்கு வெள்ளம் வரக்கூடும் என்பதையும் முதலில் மனத்திற் கொள்வது நலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறக்கப்பட்டபோது, தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் ஜலம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கடல் சூடேறச் சூடேறப் புயலின் வேகமும், சில நாழிகைக்குள் கொட்டித் தீர்க்கும் மழையும் அதிகரிக்கும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். கடல் மட்டம் உயர்வதோ, வடிகால்களின் முகத்திலேயே ஜலத்தைத் தயங்க வைக்கிறது. இந்நிலையில் கரையை உயர்த்திக்கொண்டே போவது பாதி வைத்தியந்தான் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், உயர்ந்த கரை ஆற்று நீரை வெளியே நிறுத்துவதுபோலவே, வயலில் பெய்த மழையை உள்ளேயும் நிறுத்திவிடும். பாசன வாய்க்காலுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடும் நாம், வடிகாலுக்காக ஒரு நாள் மண்வெட்டி எடுக்கத் தயங்குகிறோம்!

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவதால், இந்தப் புரட்டாசியில் செய்ய வேண்டிய முதற்காரியம் வடிகாலைப் பார்வையிடுவதே. ஊர்ச் சாலையின் அடியிலுள்ள சிறுபாலத்தைக் குனிந்து பாருங்கள்: குழாயின் வாயில் ஆகாயத்தாமரை வேரும், வாழை மட்டையும், கிழிந்த உரச்சாக்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும், அதை இப்போது இரண்டு ஆட்கள் அரை நாளில் எடுத்துவிடலாம், மழையில் இழுக்க முடியாது. வரப்புகளில் நண்டு வளைகளை மிதித்து அடைத்து, களிமண் பூசுங்கள். இந்தப் பருவத்தில் விழுந்து கிடக்கும் பனங்கொட்டைகளைப் பொறுக்கி வாய்க்கால் கரைகளில் ஊன்றுவது, செலவில்லாத கரைப்பாதுகாப்பு. பயன் தெரியப் பல ஆண்டுகளாகும் என்பது உண்மையே.

வடிகாலின் மகிமையைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலே கண்ணாரக் காணலாம். முன்பு மரங்கள் வெட்டப்பட்ட இடங்கள் நாளடைவில் தாழ்ந்து கிண்ணம்போலாகி, உள்ளே புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, ஒரு செடியும் பிழையாத தரையாகிவிட்டன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டி, ஏற்றவற்ற நீர் வந்து போக வழி செய்து கன்றுகளை நட்டபின், உப்புத் தணிந்து காடு தழைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அக்காட்டின் மறைவில் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவு. இந்தக் கால்வாய்களும் தூர்ந்து போகக்கூடியவையே. வலையையும் குப்பையையும் அங்கே எறியாமலிருப்பது நம் கடமை.

சம்பா நாற்றைப் பறித்து நடாதவர்கள் தாமதிக்க வேண்டாம். வேர் பிடித்துத் தூர் கட்டிய பயிர்தான் மூழ்கலை ஓரளவு தாங்கும். வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டு உழுதுவிடாமல், நாலைந்து குத்துகளைப் பிடுங்கிப் பாருங்கள்: அடித்தண்டு கெட்டியாகவும் புதுவேர் வெள்ளையாகவும் இருந்தால் பயிர் பிழைக்கும். தேங்கிய நீரை முற்றும் வடித்தபின், ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து இடுவது வேளாண்மைத் துறையினர் சொல்லும் முறை. நின்ற நீரில் உரம் எறிவது வீண் நஷ்டம். அடுத்த ஆவணிக்கு விதை தேடுவோர் சி.ஆர். 1009 சப்-1 ரகத்தைக் கேட்டு வாங்கலாம். ஒடிசாவின் நாட்டு நெல்லொன்றிலிருந்து எடுத்த மூழ்கல் தாங்கும் மரபணு நம் பொன்மணி நெல்லிலே ஏற்றப்பட்ட இந்த ரகம், ஏறக்குறைய இரண்டு வாரம் நீருக்கடியில் கிடந்தும் துளிர்க்கும்.

2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயல் பண்ருட்டி வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை நினைத்து, இப்போதே அடர்ந்த கிளைகளைக் கழியுங்கள்; தென்னையில் முற்றிய காய்களை இறக்குங்கள். மீனவர்கள் கடலூர் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பார்த்தே படகு தள்ள வேண்டும். அபாயத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 எண்ணில் அழைக்கலாம்.

சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை. கடைசி வாரத்தில் பொதுச்சேவை மையங்களின் வாசலில் கூட்டம் தாங்காது. சர்வரும் அப்போது பார்த்துத்தான் படுத்துக்கொள்ளும். ஆகையால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் கேட்க இந்த வாரமே போய்வந்து, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு வையுங்கள்.