வெளிநாட்டுப் போன் பேச்சு ஏன் உடைகிறது? வீட்டு ரூட்டரில் குரலுக்கு முதல் வழி

இரவு ஒன்பதரை மணி என்றால் ரியாத்தில் ஏழு. வேலை முடிந்து ரூமுக்கு வந்த பிள்ளை வீட்டுக்குப் போன் போடுகிற நேரம் அது. நம் சூளகிரியில் இன்டர்நெட் மூச்சுத் திணறுகிற நேரமும் அதுதான். டிவியில் யூடியூப் ஓடுகிறது. காலேஜ் பிள்ளை ப்ராஜெக்ட் அனுப்புகிறது. நாலு பேர் போன்களும் அன்று எடுத்த போட்டோக்களைத் தாமாகவே கூகுளுக்கு ஏற்றுகின்றன. வாசலில் மாட்டிய கேமராவோ ராத்திரி பகல் என்று பார்ப்பதில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். அம்மிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரியாத்தில் இருக்கும் மகனிடம் பணத்துக்கும் முடிவுக்கும் பேச வேண்டும். மகள் ஒரு பக்கம் ஸ்கேன் சிடியில் இருந்த 600 எம்பி படங்களை கம்ப்யூட்டரில் இருந்து அண்ணனுக்கு அனுப்ப ஏற்றிவிட்டாள். இன்னொரு பக்கம் அதே வைஃபையில் அவனிடம் பேசினாள். அவன் கேட்ட கேள்வி ஒரு விநாடி தள்ளி வந்தது, இவள் சொன்ன பதிலும் அப்படியே போய்ச் சேர்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள், "ஹலோ ஹலோ" என்று கத்தினார்கள். பிறகு அழைப்பு அறுந்தது. "கோபத்தில் வச்சிட்டான்" என்று தங்கை நினைத்தாள். "காசு விஷயம் கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா" என்று அண்ணன் நினைத்தான். இரண்டு நாள் பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டிய முன்பணமும் இரண்டு நாள் தள்ளிப்போனது.

மூன்றாம் நாள் நம்மில் ஒருவர் போய்ப் பார்த்தார். லைனில் ஒரு கோளாறும் இல்லை. டவுன்லோடு 50 எம்பிபிஎஸ், அப்லோடு 10 என்று சரியாகவே காட்டியது. அப்படியானால் பேச்சு ஏன் உடைந்தது?

இங்கே ஒரு தவறான எண்ணத்தை முதலில் தள்ளிவைக்க வேண்டும். பேச்சுக்குப் பெரிய வேகம் தேவையே இல்லை. இணையத்தில் போகிற குரல் வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒரு சின்னப் பொட்டலம் வீதம், விநாடிக்கு 50 பொட்டலமாகப் போகும். பழைய முறையில் சுருக்காமல் அனுப்பினாலும் மேலுறை எல்லாம் சேர்த்து 90 கேபிபிஎஸ் கூட வராது. பத்து எம்பிபிஎஸ் அப்லோடில் அது நூற்றில் ஒரு பங்கு. குரலுக்குத் தேவை நேரம் தவறாமை. வாயில் இருந்து காதுக்குப் போகும் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். அந்த வீட்டில் அது ஒரு விநாடியைத் தொட்டிருக்கிறது.

கிருஷ்ணகிரி டோல்கேட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கவுண்டர் திறந்திருக்கிறது, ஓசூர்ப் பக்கமிருந்து நூறு லாரி வந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் ஒரு பைக். பைக் கடக்க ஒரு நொடி போதும். ஆனாலும் நூறு லாரி நகரும் வரை அது நின்றே ஆக வேண்டும். ஃபைல் அப்லோடு லாரி என்றால் குரல் பைக். வீட்டுப் பெட்டிகளுக்குள் வரிசை நிற்க ஓர் இடம் உண்டு, அதை பஃபர் என்பார்கள். ஒரு பெட்டியில் ஒரு எம்பி அளவு வரிசை நிற்க இடமிருந்தால், அது 80 லட்சம் பிட். விநாடிக்கு ஒரு கோடி பிட் போகிற 10 எம்பிபிஎஸ் லைனில் அது காலியாக 0.8 விநாடி ஆகும். அத்தனை நேரமும் குரல் பின்னால் காத்துக்கிடக்கும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. பெல் லேப்ஸில் வேலை செய்த ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010இல் தம் வீட்டில் இதையே கண்டார். அவர் பெரிய ஃபைல்களை அனுப்பும்போதெல்லாம் வீட்டுப் பிள்ளைகள் இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று புலம்பினார்கள். அளந்து பார்த்தால் தாமதம் ஒரு விநாடியைத் தாண்டியிருந்தது. பெட்டிகளில் தேவைக்கு மேல் வரிசை நிற்க இடம் கொடுத்ததுதான் காரணம் என்று கண்டு அதற்கு பஃபர்புளோட் என்று பெயர் சொன்னார். பிறகு 2012இல் கேத்லீன் நிகோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசையில் ஒரு பொட்டலம் எத்தனை நேரம் காத்திருந்தது என்பதைப் பார்த்து வரிசையைக் குறைக்கிற முறை அது. அதன் வழியில் வந்த எஃப்கியூ கோடெல், கேக் என்ற இரண்டும் இன்று பல ரூட்டர்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேக் 2018 முதல் லினக்ஸிலேயே சேர்ந்துவிட்டது.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. முதலில் அளந்து பாருங்கள். ஃபாஸ்ட் டாட் காம் என்ற தளத்தைத் திறந்து, வேகம் வந்த பிறகு கூடுதல் தகவலைத் தொடுங்கள். லைன் சும்மா இருக்கும்போது தாமதம் எவ்வளவு, வேலை ஏறியபோது எவ்வளவு என்று இரண்டு எண் காட்டும். முதல் எண் 10, இரண்டாவது 40 என்றால் உங்கள் ரூட்டரைத் தொடவே வேண்டாம். இரண்டாவது 300, 500 என்று போனால் நாம் சொல்வது உங்களுக்குத்தான்.

ரூட்டரின் பக்கத்துக்குள் போனால் (பெரும்பாலும் பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் வரும்) கியூஓஎஸ் என்றோ, பேண்ட்விட்த் கண்ட்ரோல் என்றோ, நல்ல ரூட்டர்களில் எஸ்கியூஎம் என்றோ ஒரு பகுதி இருக்கும். அங்கே அப்லோடு வேகம் கேட்கும். 10 வருகிற லைனுக்கு 9 அல்லது 9.5 என்று போடுங்கள். "வேகத்தைக் கூட்டத்தானே வந்தோம், குறைக்கச் சொல்கிறீர்களே" என்று பலரும் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. வரிசை யார் வாசலில் நிற்கிறதோ அவர்தான் அதை ஒழுங்குபடுத்த முடியும். முழு 10ஐயும் விட்டால் வரிசை கம்பெனியின் பைபர் பெட்டியில் போய் நிற்கும், நம் ரூட்டர் சொல்வதை அது கேட்காது. சற்றுக் குறைத்தால் வரிசை நம் ரூட்டரிலேயே நிற்கும். அங்கே பைக்கை முன்னால் விடலாம். அப்படி விட்டால் குரல் காத்திருப்பது அதிகம் போனால் தனக்கு முன்னால் பாதி கடந்துவிட்ட ஒரே ஒரு லாரிக்குத்தான். 1500 பைட் பொட்டலம் ஒன்று 10 எம்பிபிஎஸ் லைனைக் கடக்க 1.2 மில்லி விநாடி போதும்.

நாம் இழப்பது அப்லோடில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ மட்டும். குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் மற்றவர்களுக்கு வேகம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். நூற்றில் ஒரு பங்கைத்தான் அது எடுக்கிறது, யாரும் பேசாத நேரத்தில் அதையும் எடுப்பதில்லை. "குரலுக்கு 2 எம்பிபிஎஸ் ஒதுக்கி வை" என்று கேட்கிற பழைய ரூட்டர்களிடம் மட்டும் கவனம் தேவை. சிலவற்றில் அந்த ஒதுக்கீடு யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கும். எஸ்கியூஎம் இருந்தால் எந்த ஆப், எந்த போர்ட் என்று பட்டியல் போடும் வேலையே இல்லை. கொஞ்சமாகப் பேசுகிற குரலை அதுவே அடையாளம் கண்டு முன்னால் விடும்.

உண்மையில் வேகம் போகிற இடம் வேறு. விலை குறைந்த ரூட்டர்களில் பொட்டலங்களைக் கடத்த ஒரு குறுக்குவழி சிப்பிலேயே இருக்கும். கியூஓஎஸ்ஸைப் போட்டதும் பலவற்றில் அந்தக் குறுக்குவழி அடைபட்டு, எல்லாச் சுமையும் சின்னப் பிராசஸர் தலையில் விழும். அதனால் 200 எம்பிபிஎஸ் திட்டம் பாதியாக இறங்கக்கூடும். எனவே போடுவதற்கு முன்னும் பின்னும் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். விழுந்திருந்தால் டவுன்லோடு பக்கம் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு அப்லோடுக்கு மட்டும் வையுங்கள். பேச்சைக் கெடுப்பது பெரும்பாலும் அப்லோடுதான். அப்போதும் சரியாகவில்லை என்றால் கியூஓஎஸ்ஸை அணைத்துவிட்டு, லாரிகளையே குறையுங்கள். போட்டோ ஏற்றுவதைப் பேசும் நேரத்தில் நிறுத்தி வைக்கலாம். கம்ப்யூட்டரில் உள்ள கூகுள் டிரைவில் அப்லோடுக்கு உச்ச வேகம் குறிக்க இடமிருக்கிறது. ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் வீதம் வெளியே அனுப்புகிற நாலு கேமரா இருந்தால் 10இல் 8 அங்கேயே போய்விடும். அவற்றின் படத் தரத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்ற பொத்தானும் உண்டு.

வைஃபை பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரூட்டரை ஒளித்து வைத்துவிட்டு கியூஓஎஸ் போட்டுப் பயனில்லை. பேசுகிற போனை 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணையுங்கள், டிவிக்கு முடிந்தால் கேபிள் போடுங்கள். டபிள்யூஎம்எம் என்ற பொத்தான் இருந்தால் அணைக்காதீர்கள். காற்றில் குரலை முன்னால் விடுவது அதுதான்.

பைபர் இணைப்போடு கொடுக்கும் லேண்ட்லைன் போனும் இணைய போன்தான். ஆனால் அதற்குப் பெட்டிக்குள்ளேயே பொதுவாகத் தனிப் பாதை போட்டிருப்பார்கள். வீட்டில் எவ்வளவு டவுன்லோடு ஓடினாலும் அது தெளிவாகக் கேட்பது அதனால்தான். வயதானவர்கள் உள்ள வீட்டில் அந்த ஓட்டையில் ஒரு சாதாரண போனைச் செருகி வைப்பது நல்லது. கரண்ட் போனால் பெட்டியும் போகும் என்பதால் சின்ன யூபிஎஸ் ஒன்றும் வேண்டும்.

நம் ரூட்டரின் ஆட்சி நம் வாசல் வரைதான். அதற்கப்பால் கம்பெனிகள் நம் முன்னுரிமைக் குறியை மதிப்பது அபூர்வம். துபாய், ஷார்ஜாவில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பேச முடியாமல் போவதும் வேறு விஷயம். அமீரகத்தில் அனுமதி பெற்ற போடிம் போன்ற ஆப்களில்தான் பேச வேண்டும். இங்கே எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அது மாறாது.

அந்த வீட்டில் அப்லோடை 9 என்று வைத்துவிட்டு, மகளை இன்னொரு பெரிய ஃபைலை ஏற்றச் சொன்னோம். ஏறிக்கொண்டிருக்கும்போதே ரியாத்துக்குப் போன் போட்டோம். அம்மி அரை மணி நேரம் பேசினார்கள், நாங்கள் வெளியே வந்து நின்றுகொண்டோம்.

தாமே செய்யத் தயங்குபவர்கள் ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரை போட்டோ எடுத்து டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் மாடலில் என்ன வசதி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறோம். பாஸ்வேர்டு அச்சடித்திருக்கும் இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள்.