படுக்கையறைக்கு எந்த டிவி?

கேள்வி: பத்துக்குப் பத்தடி அறை. படுத்தபடி பார்க்க, கைக்கு அடக்கமான விலையில் எந்த டிவி வாங்கலாம்?
– வாசகி, செங்கலடி

பதில்: 32 அங்குலம் தாராளம். அந்த அளவுக்கு 1366×768 எச்டி திரையே போதும். 4கே என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கடையில் திரைக்கு நேரே மட்டும் நிற்காமல், பக்கவாட்டிலும் குனிந்தும் பாருங்கள். நிறம் வெளிறினால் படுத்துப் பார்க்க உதவாது. ஐபிஎஸ் திரை இதற்கு நல்லது. டயலொக், பியோ டிவி பெட்டி பூட்ட எச்டிஎம்ஐ இணைப்பு இருக்கட்டும். கைபேசியிலேயே யூடியூப் பார்ப்பவரென்றால் ஸ்மார்ட் வசதி கட்டாயமில்லை. மட்டக்களப்பிலேயே திருத்தித் தருவார்களா என்று கேட்டு, உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டதுமே பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை நிறுத்துவது மட்டும் மின்னலுக்குப் போதாது.