பிஎம்ஐ 31: ஆபரேஷனுக்குப் போகலாமா?

அன்புள்ள கயல்,

எடை குறைப்பு ஆபரேஷனுக்கு நீ தகுதியானவளா என்று கேட்டிருந்தாய். 78 கிலோ எடை, 158 செ.மீ. உயரம் என்றால் உன் பிஎம்ஐ 31 சொச்சம்.

1991-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி வகுத்த வரம்பு 40. சர்க்கரை மாதிரி நோய் கூட இருந்தால் 35. முப்பது வருடம் அதுதான் வேதவாக்கு. 2022-இல் பேரியாட்ரிக் (எடை குறைப்பு) சர்ஜன்களின் சங்கங்கள் வரம்பைத் தளர்த்தின. இப்போது நோய் இல்லாவிட்டாலும் 35 போதும், ஆசியர்களுக்கு 27.5-ஐத் தாண்டினாலே பரிசீலிக்கலாம். அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியரைவிட நமக்கு உடம்பில் கொழுப்பு அதிகம், அதுவும் தொப்பையில் சேரும், சர்க்கரையும் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். ஆனால் நம் ஊர் மருத்துவக் காப்பீட்டு விதி பழைய 40-ஐயும், கடுமையான நோயோடு 35-ஐயும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக, சர்ஜன் உன்னை உள்ளே விடலாம்; செலவு அப்பா தலையில்தான்.

எண் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை, அட்ரினல் கோளாறு இவற்றால் எடை ஏறியிருந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். ஒழுங்கான உணவு, நடை, தேவைப்பட்டால் மருந்து என்று டாக்டர் கண்காணிப்பில் முயன்று பார்த்தாயா என்றும் கேட்பார்கள். யூடியூப் பார்த்துப் பட்டினி கிடந்ததெல்லாம் அந்தக் கணக்கில் வராது! மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் கோபப்படாதே. கவலை வந்தால் பிஸ்கட் பாக்கெட்டைத் தேடும் பழக்கம் இரைப்பையில் இல்லையே, கத்தி வைத்து எடுக்க. உனக்கு நெஞ்செரிச்சல் உண்டு என்று அக்கா சொன்னாள். அதை மறைக்காதே. இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் முறை அதைக் கூட்டிவிடக்கூடும். எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு இரைப்பை பைபாஸ் தேவலை என்று சர்ஜன் சொல்லலாம்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். அது திரும்ப வராது. முதல் சில வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு. கெட்டி உணவுக்கு வந்த பிறகும் தட்டில் முதலில் முட்டை, பருப்பு, மீன்; சாதம் கடைசியில்தான். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுளுக்கும். வருடா வருடம் ரத்தப் பரிசோதனை. இதைச் செய்வாயா என்பதைத்தான் என் போன்ற டயட்டீஷியன்கள் தோண்டித் தோண்டிக் கேட்போம். மாதத் தவணை வசதியோடு வரும் விளம்பரங்கள் இதைக் கேட்பதில்லை, எனக்கு அவற்றின் மேல் எரிச்சலே அதனால்தான்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. எடை வேகமாகக் குறையும் காலத்தில் குழந்தைக்குச் சத்து போதாது. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால், எடை இறங்கும்போது அது தணிந்து, எதிர்பாராமல் கரு தங்கவும் வாய்ப்பு அதிகம். இதை மாப்பிள்ளையிடம் இப்போதே பேசினாயா? கல்யாணப் புடவைக்காகத்தான் ஆபரேஷன் என்றால், நீ இன்னும் தயாரில்லை என்றுதான் நான் சொல்வேன்.

முதலில் ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட்டைப் பார். மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, ஈரல் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போ. குறட்டை விடுகிறாயா என்று அம்மாவிடம் கேட்டு வை, டாக்டர் கேட்பார்.

அன்புடன்,
சித்தி