வரைபடக் கோப்பும் உரிமத் தடையும்

ஒரு பொருள் ஒருவன் கையில் இருத்தல் வேறு; அதனைத் திறந்து பயன்கொள்ளும் உரிமை அவனுக்கு இருத்தல் வேறு. பெட்டகம் ஒருவனுடையதாயும் திறவுகோல் மற்றொருவனுடையதாயும் அமைந்த வழக்குகளை நாம் கேட்டதுண்டு. கணினி கொண்டு கட்டடமும் பொறியும் வரைகின்ற இந்நாளில் அந்நிலை படவரைஞரின் மேசையிலும் வந்து அமர்ந்துவிட்டது. எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் பொறியியலாளராயும் நில அளவையாளராயும் படவரைஞராயும் பல தேசங்களிற் கடமையாற்றுகின்றனர். உயர்தர வகுப்பிலே தொழினுட்பம் பயிலும் மாணவரும் கணினியில் வரையத் தொடங்கியுள்ளனர். இவ்விரு சாராரும் ஒருவர்க்கொருவர் வரைபடம் அனுப்ப முற்படும்போது எதிர்ப்படும் தடையொன்றையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்களை வரையறுத்துக் கொள்வோம். உடைமை, உரிமை, உரிமம் என்னும் மூன்றும் ஒன்றல்ல. உடைமையாவது பொருளைத் தனதாகக் கொண்டிருத்தல். உரிமையாவது அதனை ஆளும் அதிகாரம். உரிமமாவது அதிகாரம் உடையவன் சில நிபந்தனைகளோடு பிறனுக்கு அளிக்கும் அனுமதி. மென்பொருள்கள் பெரும்பாலும் உரிமமாகவே வழங்கப்படுகின்றன. ஆதலின், 'மென்பொருளை வாங்கினேன்' என்று நாம் கூறுவது கடைத்தெரு வழக்கேயன்றிச் சட்ட வழக்கு அன்று. தாம் வரைந்த படம் வரைந்தவருக்கே உரியது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்புகளோடு கணினி நிரல்களுக்கும் காப்பளிக்கின்றது. எனினும் படம் தமதாயினும், அதனைத் திறக்கும் நிரல் தமதன்று. சிக்கல் இவ்விடத்திலேதான் முளைக்கின்றது.

1982 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தார் ஓட்டோகாட் என்னும் வரைபட மென்பொருளை வெளியிட்டனர். அதன் கோப்புக்கு டீ.டபிள்யூ.ஜீ. என்பது பெயர். நாளடைவில் உலகின் படவரைஞரிற் பெரும்பாலோர் இக்கோப்பையே கொடுக்கவும் வாங்கவும் தலைப்பட்டனர். ஆனால் இதன் உள்ளமைப்பை நிறுவனத்தார் வெளிப்படுத்தவில்லை. பிறரோடு பரிமாறும் பொருட்டு டீ.எக்ஸ்.எவ். என்னும் வேறொரு கோப்பமைப்பின் இலக்கணத்தை மாத்திரம் வெளியிட்டனர். அது கோடுகளையும் வட்டங்களையும் எழுத்துகளையும் நன்கு சுமந்து செல்லும். சிறப்பு நிரல்களால் ஆக்கப்பட்ட பொருள்கள் சில அதில் சிதைவதுண்டு.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றுவதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அது குறியீட்டு முறையால் நேரும் தடை. முறையை அறிந்தவன் நீக்கிவிடுவான். வரைபடக் கோப்பிலோ அத்தடையைக் கடந்த பின்னரும் இரண்டாவது தடையொன்று நிற்கின்றது. அதுவே அனுமதித் தடை.

முதலாவது தடையை உடைப்பதற்கென 1998 ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் கூடி ஓப்பின் டீ.டபிள்யூ.ஜீ. அலையன்ஸ் என்னும் கூட்டமைப்பை நிறுவின. இது பின்னர் ஓப்பின் டிசைன் அலையன்ஸ் எனப் பெயர் மாறிற்று. கோப்பின் உள்ளமைப்பை ஆராய்ந்தறிந்து, அதனைப் படிக்கவும் எழுதவும் வல்ல நிரற்றொகுதியை அவர்கள் ஆக்கினர். ஓட்டோடெஸ்க் நிறுவனத்தார் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பிலே, தம் மென்பொருளாற் சேமிக்கப்பட்ட கோப்புக்கு ஒரு முத்திரைத் தொடரைப் புதைத்து வைத்து, அது இல்லாத கோப்பைத் திறக்கும்போது எச்சரிக்கை தோன்றுமாறு செய்தனர். கூட்டமைப்பாரின் நிரலும் அம்முத்திரையை இடத் தொடங்கவே, 2006 ஆம் ஆண்டு கார்த்திகையில் வழக்கு எழுந்தது. 2007 ஆம் ஆண்டு சித்திரையில் அது இணக்கமாய் முடிந்தது: கூட்டமைப்பார் முத்திரையை நீக்கினர்; நிறுவனத்தாரும் எச்சரிக்கையின் வாசகத்தை மாற்றினர். இவ்வழக்கு வாணிகக் குறியைப் பற்றியது என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். கோப்பமைப்பு பதிப்புரிமைக்கு உட்படுமா என்பது வேறு வினா. அதற்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஆம் ஆண்டு வைகாசியில், வேறொரு மென்பொருள் தொடர்பான வழக்கிலே விடை கூறிற்று: நிரலின் தொழிற்பாடும் கோப்பமைப்பும் தம்மளவில் நிரலுக்குரிய பதிப்புரிமைக்குள் அடங்கா. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கே அத்தீர்ப்பு பொருந்தும்.

நிற்க. வாணிக நிறுவனங்கள் தமக்குள் வழக்காடுதல் வியப்பன்று. இலவசமாய் வழங்குவோரிடையேயும் இத்தடை எழுந்ததே எமக்கு வியப்பளிப்பது. லிப்ரேகாட் என்பது கியூகாட் என்னும் மென்பொருளின் வழிவந்த கட்டற்ற வரைபட மென்பொருள். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் மாத்திரமே அது வழங்கப்படுகின்றது. லிப்ரே டீ.டபிள்யூ.ஜீ. என்பது அக்கோப்பைப் படிக்கும் கட்டற்ற நிரற்றொகுதி. அதன் உரிமம் 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பக் கூடும். ஆயினும் இரண்டையும் ஒரே நிரலாய்ப் பிணைத்து வழங்கல் இயலாது. ஏனெனில், பிணைந்த முழுமையும் தன் நிபந்தனைகளின்படியே வழங்கப்படல் வேண்டுமென்றும், மேலதிக நிபந்தனை எதனையும் சேர்த்தலாகாதென்றும் இரண்டாம் பதிப்பு விதிக்கின்றது. மூன்றாம் பதிப்போ புத்தாக்க உரிமம் முதலியன பற்றிப் புதிய நிபந்தனைகளைக் கொண்டது. அடுத்தடுத்து இரு தண்ணீர்ப் பந்தல்கள் இருக்க, ஒன்றின் நீரை மற்றொன்றின் குடத்தில் ஊற்றலாகாதென்று இரு தருமகர்த்தரும் விரதம் பூண்டதை ஒக்கும் இது. லிப்ரேகாட் ஆக்கியோர் உரிமத்தை மாற்றித் தருமாறு கட்டற்ற மென்பொருள் நிறுவகத்தாரை வேண்டினர், அவர்கள் இசையவில்லை. 'இரண்டாம் பதிப்பு அல்லது அதன் பின்னைய பதிப்பு' என்று கியூகாட்டின் உரிமத்தில் எழுதியிருப்பின் இத்தொல்லை எழுந்திராது. 'அல்லது' என்னும் ஓர் இடைச்சொல் இல்லாமையால் நேர்ந்த இடர் இது! இறுதியில் லிப்ரேகாட் குழுவினர் வேறொரு நிரற்றொகுதியைத் தாமே எழுதிக் கொண்டனர். அதன் வாயிலாக அக்கோப்பை ஓரளவு படிக்க முடிகின்றது.

பிரீகாட் என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருள் வேறு வழியை மேற்கொண்டது. ஓப்பின் டிசைன் அலையன்ஸ் வழங்கும் கோப்பு மாற்றி இலவசமாய்க் கிடைப்பது. ஆனால் அதன் மூல நிரல் வெளியிடப்படுவதன்று. எனவே அதனைத் தன்னுட் பிணைத்துக் கொள்ளாது, தனி நிரலாய் வெளியே இயக்கி, டீ.எக்ஸ்.எவ். ஆக மாறிவரும் கோப்பை மட்டும் பிரீகாட் பெற்றுக் கொள்கின்றது. இரு நிரல்கள் தனித்தனி நின்று கோப்பைக் கைமாற்றுதல், இரு வீட்டார் கடிதம் எழுதிக் கொள்வது போன்றது. அதனால் இரு குடும்பமும் ஒன்றாகிவிடுவதில்லை. லிப்ரே டீ.டபிள்யூ.ஜீ. யையும் பிரீகாட் இவ்வாறே வெளியிலிருந்து அழைத்துப் பயன்கொள்ள வல்லது.

எமது மாணவரை நேரே தொடுவது கல்வி உரிமம் ஆகும். ஓட்டோடெஸ்க் நிறுவனத்தார் தகுதியுடைய மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஓராண்டுக்கு மென்பொருளை இலவசமாய் அளித்து, தகுதி நீடிக்கும்வரை புதுப்பிக்கின்றனர். இது பெரிய உதவியே. ஆயினும் அது கற்றற்கு உரியதேயன்றி வருவாய்க்கு உரியதன்று. அயலவரின் வீட்டுக்குப் படம் வரைந்து பணம் பெறும் மாணவன் அந்நிபந்தனையை மீறியவனாவான். முன்னைய பதிப்புகளில் இத்தகைய கோப்பை அச்சிட்டாற் கல்விப் பதிப்பில் ஆக்கப்பட்டதென்ற வாசகம் தாளின் விளிம்பில் விழும். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அலுவலகப் படமொன்றிற் சேர்த்தால் அப்படத்தையும் அவ்வாசகம் பற்றிக் கொள்ளும். பூட்டுடைத்த பிரதிகளைக் கொண்டு பயில்வோரும் உளர். கட்டற்ற மென்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதனை யாம் ஏற்கிலேம்.

கல்லூரியை விட்டு நீங்கிய பின், உரிமம் முடிந்த காலத்திலும் தன் படத்தைத் திறக்க விரும்பும் மாணவன், ஒவ்வொரு படத்தையும் டீ.எக்ஸ்.எவ். ஆகவும் பீ.டீ.எவ். ஆகவும் சேமித்து வைத்தல் நன்று. பழைய மாணவர் வெளிநாட்டிலிருந்து படம் அனுப்புங்கால், பெறுபவரிடம் உள்ள மென்பொருள் எப்பதிப்பு வரை திறக்கும் என்பதைக் கேட்டறிந்து, அதற்கேற்ற பழைய பதிப்பிற் சேமித்து அனுப்புதல் வேண்டும். புதிய நிரல் பழைய கோப்பைத் திறக்கும். பழைய நிரல் புதியதைத் திறவாது. கையிலுள்ள கோப்பு எப்பதிப்பினது என்று அறிய ஓர் எளிய வழியுண்டு. டீ.டபிள்யூ.ஜீ. கோப்பைச் சாதாரண எழுத்துத் தொகுப்பியிலே திறந்தால் முதல் ஆறு குறிகள் படிக்கக் கூடியனவாய் இருக்கும். 'ஏ', 'சீ' என்னும் இரு ஆங்கில எழுத்துகளை அடுத்து 1015 என்றிருப்பின் அது 2000 ஆம் ஆண்டின் அமைப்பு. 1024 எனில் 2010. 1027 எனில் 2013. 1032 எனில் 2018. பார்த்த பின் தொகுப்பியை மூடும்போது சேமிக்காது விடுக. சேமித்தாற் கோப்புப் பழுதாகும்.