இணையத் தடையின் முதல் நாடுதல்

சென்ற ஆண்டு, உதவிச்சம்பள விண்ணப்பத்திற்குரிய இறுதிநாள் மாலையில், எம் இல்லத்துக் கணினியின் இணையத்தொடர்பு அற்றுப்போயிற்று. சான்றிதழ்கள் யாவும் அதன்கண்ணே இருந்தன. யான் பதறிக் கண்ட அமைப்புகளையெல்லாம் மாற்றினேன். பிழை ஒன்று இரண்டாயிற்று. நோய்முதல் அறியாது மருந்தூட்டுவான் செயலை ஒத்தது அது. பின்னர்க் கற்ற முறையை மாணவ நண்பர்க்கு ஈண்டுக் கூறுவல்.

அண்மையினின்று சேய்மைக்குச் செல்லுதலே முறை. முதற்கண், அதே ரூட்டரின் வைஃபைவழிக் கைப்பேசிக்கு இணையம் கிட்டுகின்றதா என நோக்குக. கிட்டின், ஐயுறற்குரியது கணினியும் அதன் கம்பியுமே. கிட்டாதாயின், குற்றம் ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ உளது. கண்ணாடியிழைக் கருவியில் செவ்விளக்கு எரியின், பெரும்பாலும் இழையில் ஒளி வரவில்லை என்பதே பொருள். இணைப்பு வழங்குவோர்க்கு அறிவிக்க.

அடுத்து, கணினியின் ஐ.பி. முகவரியைக் காண்க. அது 169.254 எனத் தொடங்கின், ரூட்டரிடமிருந்து முகவரி பெறவில்லை என்று அறிக. கம்பியையும் வைஃபையையும் சோதிக்க. முகவரி செவ்விதாயின், 1983-இல் மைக் மூஸ் என்பார் இயற்றிய 'பிங்' என்னும் கட்டளையால், முன்னர் ரூட்டரையும் பின்னர்க் கூகுளின் 8.8.8.8 என்னும் முகவரியையும் வினவுக. இரண்டும் விடையிறுத்தும் தளங்கள் திறவாவெனின், தளப்பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். அமைப்பை நோக்குக.

எம் இல்லத்து முதற்பிழை நெகிழ்ந்த கம்பி. இரண்டாவது, யானே தவறாக எழுதிய டி.என்.எஸ். எண். நள்ளிரவு கழிந்தபின்னரே அவற்றைக் கண்டேன்; விண்ணப்பம் செல்லவில்லை. ஆதலின் ஒருகால் ஒன்றே மாற்றுக; பயனின்றேல் அதனை முன்போல் வைத்தே அடுத்ததற்குச் செல்க.