நான்கு கருவிகள் போதும்: திறன்பேசியில் இசையாக்கம்

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக. தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடை எழுதிடுக.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் எனப் பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்ப் பகுதி, நெடிய தோட்டப்புற வரலாற்றைக் கொண்டது. நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு 1917ஆம் ஆண்டு கோலசிலாங்கூர் வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு ஆகியவற்றைத் தங்களுடன் கொண்டுவந்தனர். கோவில் திருவிழாக்களில் உறுமி மேளம் முழங்கியது. இன்று பல குடும்பங்கள் தோட்டங்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஏட்டில் ஏறாத பாடல்கள் பல, முதியோரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்கள் மறைந்தால் அப்பாடல்களும் மறைந்துபோகும்.

இப்பாடல்களைப் பதிவு செய்ய இன்று பெரிய ஒலிப்பதிவுக்கூடம் தேவையில்லை. கையிலுள்ள திறன்பேசியே போதும். ஸ்டீவ் லேசி என்னும் அமெரிக்க இளைஞர் ஐபோனிலுள்ள கராஜ்பேண்ட் குறுஞ்செயலியைக் கொண்டே பாடல்களை உருவாக்கிப் புகழ் பெற்றார். அவர் பங்களித்த கென்ட்ரிக் லாமரின் இசைத்தொகுப்பு, 2018ஆம் ஆண்டு புலிட்சர் இசைப் பரிசை வென்றது. கருவி சிறிதாயினும் செவி கூர்மையாக இருந்தால் தரமான இசையை உருவாக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

செருகுநிரல் என்றால் என்ன?

பதிவு செய்த ஒலியை மாற்றி அமைக்கும் சிறு நிரலை ஒலி விளைவுச் செருகுநிரல் என்கிறோம். முற்காலத்தில் இவை பெரிய இயந்திரங்களாக இருந்தன. 1957ஆம் ஆண்டு ஜெர்மனியில் உருவான இ.எம்.டி. 140 என்னும் எதிர்முழக்கக் கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் எடை கொண்டது. பெரிய உலோகத் தகடு ஒன்றை அதிரச் செய்து, மண்டபத்தில் பாடுவது போன்ற உணர்வை அது உண்டாக்கியது. இன்று அதே வேலையைத் திறன்பேசியில் ஒரு செருகுநிரல் செய்துவிடுகிறது.

ஐபோனிலும் ஐபேடிலும் ஒரு குறுஞ்செயலிக்குள் வேறு நிறுவனத்தின் செருகுநிரலைச் சேர்க்கும் வசதி 2015ஆம் ஆண்டு அறிமுகமானது. ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் எல்லாக் குறுஞ்செயலிகளும் ஏற்கும் அத்தகைய பொதுமுறை இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே, அங்குக் குறுஞ்செயலியில் உள்ளமைந்த விளைவுகளையே பெரிதும் நம்ப வேண்டும். சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட பேண்ட்லேப் குறுஞ்செயலி இருவகைத் திறன்பேசிகளிலும் இலவசமாகக் கிடைக்கிறது. தொடக்கநிலையில் உள்ளவர்க்கு அதிலுள்ள விளைவுகளே போதுமானவை.

விளைவுகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் எதைத் தெரிவு செய்வது என்ற குழப்பம் எழுகிறது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. முதலில் பதிவைக் கேட்டு அதிலுள்ள குறையைக் கண்டறிய வேண்டும். அதன் பிறகே அக்குறைக்கு ஏற்ற கருவியைத் தேட வேண்டும். நோயை அறியாமல் மருந்து கொடுக்கும் மருத்துவர் எவரும் இலர் அல்லவா?

ஒரு மாணவி தன் பாட்டி பாடும் தாலாட்டைத் தகரக் கூரை வீட்டில் பதிவு செய்வதாகக் கொள்வோம். அப்பதிவைக் கொண்டே நான்கு அடிப்படைக் கருவிகளை அறிவோம்.

1. ஈக்குவலைசர் எனப்படும் அதிர்வெண் சமனி

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். இப்பரப்பில் வேண்டிய பகுதியைக் கூட்டவும் வேண்டாத பகுதியைக் குறைக்கவும் இக்கருவி உதவுகிறது. பாட்டியின் பதிவில் மின்விசிறியின் உறுமலும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கலந்திருக்கக்கூடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை வடிகட்டினால் அவை பெருமளவு குறையும். குரலுக்குக் கேடு வராது. குரல் மந்தமாகக் கேட்டால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்றுக் குறைக்கலாம். சகர ஒலிகள் காதைக் குத்தினால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையில் கவனிக்க வேண்டும்.

ஆயினும், ஒரு பதிவுக்குப் பொருந்திய அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. குரலுக்குச் செய்த அதே வடிகட்டலை உறுமி மேளப் பதிவுக்கும் செய்தால், தோலில் குச்சியை உரசும்போது எழும் ஆழ்ந்த முழக்கத்தின் ஒரு பகுதி போய்விடும். உறுமிக்குப் பெயர் தந்த அந்த உறுமல் மெலிந்துவிடும்.

2. கம்ப்ரசர் எனப்படும் ஒலியமுக்கி

பாடுவோரின் குரல் ஓரிடத்தில் ஓங்கியும் மற்றோரிடத்தில் தாழ்ந்தும் ஒலிக்கும். ஓங்கும் பகுதிகளை அடக்கி, ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது ஒலியமுக்கியின் வேலை. விகிதத்தை 2:1 என அமைத்தால், நாம் குறித்த எல்லையை 6 டெசிபல் தாண்டும் ஒலி, 3 டெசிபல் மட்டுமே தாண்டி வெளிவரும்.

இக்கருவியை அளவோடு பயன்படுத்த வேண்டும். தாலாட்டில் குழந்தை உறங்க உறங்கக் குரலும் தாழ்ந்துகொண்டே போகும். அத்தாழ்வுதான் தாலாட்டின் உயிர். ஒலியமுக்கியை மிகுதியாகச் செலுத்திப் பின்னர் மொத்த ஒலியை உயர்த்தினால், கடைசி வரியும் முதல் வரியைப் போலவே ஒலிக்கும். அதனோடு பின்னணியில் சுழலும் மின்விசிறியின் ஓசையும் மேலெழும்.

3. ரிவெர்ப் எனப்படும் எதிர்முழக்கம்

மண்டபத்தில் பாடும்போது ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து நீடிக்கிறது. இதனையே எதிர்முழக்கம் என்கிறோம். 1947ஆம் ஆண்டு பில் புட்னம் என்னும் அமெரிக்க ஒலிப்பொறியாளர், ஹார்மோனிகேட்ஸ் குழுவின் பாடலுக்காகக் குளியலறையின் முழக்கத்தைப் பயன்படுத்தினார். பாடலின் அழகுக்காக எதிர்முழக்கம் சேர்க்கும் வழக்கம் அதன் பின்னர் பரவியது.

வெறுமையாக ஒலிக்கும் குரலுக்குச் சிறிதளவு எதிர்முழக்கம் இதம் தரும். ஆனால், இதனைச் சேர்ப்பது எளிது; பதிவில் ஏற்கெனவே கலந்துவிட்ட முழக்கத்தை நீக்குவது மிகக் கடினம். ஆகவே, பதிவு செய்யும் அறையில் மெத்தை, போர்வை, துணிமணி ஆகியவற்றை வைத்து முழக்கத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. மேலும், எதிர்முழக்கம் திறன்பேசியின் செயலாற்றலை மிகுதியாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடத்திற்கும் தனித்தனியாகச் சேர்க்காமல் எல்லாத் தடங்களுக்கும் பொதுவாக ஒன்றை அமைத்தால் திறன்பேசி திணறாது.

4. லிமிட்டர் எனப்படும் ஒலிவரம்பி

இறுதியில் சேர்க்க வேண்டியது ஒலிவரம்பி. குறித்த எல்லையை ஒலி தாண்டாமல் இது தடுக்கிறது. அதனால் ஒலி சிதைவதில்லை. எல்லையை -1 டெசிபல் அளவில் வைப்பது பொதுவான வழக்கம். பாடல் மற்றவற்றைவிட உரக்க ஒலிக்க வேண்டும் என்று எண்ணி இதனை அழுத்துவோர் உளர். ஆனால், வலையொளி, ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மிக உரத்த பாடல்களின் ஒலியைத் தாமே குறைத்துவிடுகின்றன. எனவே, அம்முயற்சியால் கிடைப்பது நெரிசலான ஒலி மட்டுமே.

விலக்கி வைக்க வேண்டியவை

சில கருவிகள் பயனுடையவையாயினும் தோட்டப்புறப் பாடலுக்கு எப்போதும் பொருந்துவதில்லை. அவற்றுள் முதன்மையானது ஆட்டோ டியூன் எனப்படும் சுருதித் திருத்தி. எண்ணெய் வளம் தேடும் நிலநடுக்க அலை ஆய்வில் பணியாற்றிய ஆண்டி ஹில்டபிராண்ட் இதனை உருவாக்கினார். 1997ஆம் ஆண்டு வெளிவந்த இக்கருவி, சுருதி விலகிய குரலை அருகிலுள்ள சுரத்திற்கு இழுத்துச் செல்கிறது. ஒப்பாரியிலோ குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும், இடையில் தழுதழுக்கும். சுருதித் திருத்தி அந்த இழைவைப் பிழை என்று கருதி நேராக்கிவிடும். துயரத்தை உணர்த்தும் பகுதியே பதிவிலிருந்து அழிந்துபோகும்.

இரைச்சல் நீக்கியும் அத்தகையதே. மின்விசிறியின் ஓசையை அகற்றும்போது, பாடுபவரின் மூச்சொலியையும் சொல்லின் முடிவில் தேயும் ஒலியையும் அது சேர்த்தே எடுத்துவிடக்கூடும். மின்விசிறியை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால் இக்கருவியே தேவைப்படாது.

தெரிவு செய்யும் முறை

- கட்டணம் செலுத்துவதற்கு முன் குறுஞ்செயலியில் இலவசமாக உள்ள கருவிகளை முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும்.
- ஒரு விளைவைச் சேர்த்தபின் அதனை நிறுத்தியும் இயக்கியும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். உரத்த ஒலியே நல்ல ஒலி எனத் தோன்றும் என்பதால், இரண்டையும் ஒரே ஒலி அளவில் வைத்தே ஒப்பிட வேண்டும்.
- வேறுபாடு தெரியாவிடில் அவ்விளைவை நீக்கிவிட வேண்டும்.
- புளூடூத் செவிப்பொறியில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். ஆகவே, பதிவின்போது கம்பியுள்ள செவிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும்.
- திறன்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் கேட்பதில்லை. எனவே, முடித்த பாடலை வீட்டு வானொலியிலோ மகிழுந்திலோ ஒருமுறை கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த விளைவும் சேர்க்காத மூலப்பதிவைத் தனியே பாதுகாக்க வேண்டும். இதனை வேவ் கோப்பாகச் சேமித்தால் ஒரு தடத்திற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 மெகாபைட் இடம் பிடிக்கும். புலனத்தில் குரற்பதிவாக அனுப்பினால் ஒலி சுருக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாது. பாடியவரின் இசைவைப் பெற்று, அவர் பெயர், தோட்டத்தின் பெயர், பாடிய நாள், பாடலைக் கற்றுக்கொண்ட விதம் ஆகியவற்றையும் எழுதி வைக்க வேண்டும். நாளை இன்னும் சிறந்த கருவிகள் வரும். மூலப்பதிவு கையில் இருந்தால் பாடலை மீண்டும் மெருகேற்றலாம். மூலம் அழிந்துவிட்டால் எந்தக் கருவியாலும் அக்குரலை மீட்க இயலாது.

செருகுநிரல்கள் பாடலுக்குத் துணைநிற்க வந்தவை. பாட்டியின் தாலாட்டைக் கேட்கும் பேரப்பிள்ளை, அது தன் பாட்டியின் குரல்தான் என்று உடனே அறிந்துகொள்ள வேண்டும். கருவிகளைத் தெரிவு செய்யும் ஒவ்வொரு வேளையிலும் மாணவர்கள் இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

அருஞ்சொற்பொருள்

அதிர்வெண் – ஒரு வினாடியில் ஏற்படும் அதிர்வுகளின் எண்ணிக்கை
டெசிபல் – ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு
தடம் – ஒரு குரலோ இசைக்கருவியோ தனியாகப் பதிவாகும் வரிசை
இழைவு – ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு இடைவெளியின்றிச் செல்லுதல்

கருத்துணர் வினாக்கள்

1. தோட்டப்புறப் பாடல்கள் மறைந்துபோகும் நிலையில் இருப்பதற்கான காரணங்கள் யாவை?
2. குரலுக்குப் பொருந்தும் வடிகட்டல் உறுமி மேளத்திற்கு ஏன் பொருந்தாது?
3. விகிதம் 3:1 என அமைக்கப்பட்டால், எல்லையை 6 டெசிபல் தாண்டும் ஒலி எத்தனை டெசிபல் தாண்டி வெளிவரும்?
4. 'அத்தாழ்வுதான் தாலாட்டின் உயிர்' என்னும் கூற்றின் பொருளை விளக்கிடுக.
5. ஒப்பாரிப் பதிவுக்குச் சுருதித் திருத்தியைப் பயன்படுத்தலாமா? உன் கருத்தைத் தக்க காரணங்களுடன் எழுதிடுக.

நடவடிக்கை

உன் குடும்பத்திலோ வட்டாரத்திலோ உள்ள முதியவர் ஒருவரின் இசைவைப் பெற்று, அவர் பாடும் பாடலைத் திறன்பேசியில் பதிவு செய்க. மூலப்பதிவையும் விளைவுகள் சேர்த்த பதிவையும் வகுப்பில் ஒலிக்கச் செய்து, எது சிறந்தது எனக் குழுவில் கலந்துரையாடுக.